இரண்டு சர்வர், முன்னால் ஒரு என்ஜின்எக்ஸ்: கூடை காலியாகிறது, ரீடைரக்ட் சுழல்கிறது, சில நேரம் எல்லாருக்கும் 502

காவேரிப்பட்டணம்காரன்:

வணக்கம்ங்க. கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்துக்கொள்ளும் இரண்டு தளங்கள். ஒன்று மாம்பழப் பார்சல் கடை, வேர்ட்பிரஸ் மேல் வூகாமர்ஸ். இன்னொன்று ராயக்கோட்டை, பாலக்கோடு தக்காளி மண்டி விலைப்பட்டியல், லாராவெல். சீசனில் சாயங்காலம் விலை வாட்ஸ்அப் குழுக்களில் போனதும் பத்து நிமிஷத்துக்குள் கூட்டம் மொத்தமும் வந்து விழும். ஒரு சர்வர் தாங்காது என்று இப்படிப் பிரித்திருக்கு:

முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கிப் பின்னால் பிரித்து அனுப்பும் ப்ராக்ஸி 10.10.0.5 (1 சிபியு, 1 ஜிபி, என்ஜின்எக்ஸ் மென்பொருள், எச்டிடிபிஎஸ்ஸுக்கான எஸ்எஸ்எல் இங்கேயே முடிகிறது). வெப் சர்வர் இரண்டு, 10.10.0.11, 10.10.0.12 (சுருக்கமாக 11, 12; தலா 2 சிபியு, 4 ஜிபி, உபுண்டு 24.04, அப்பாச்சி, மாட்-பிஎச்பி, 80-ஆம் போர்ட்). மரியாடிபி தனியாக 10.10.0.20. நாலும் பெங்களூரு டேட்டா சென்டரில், ஒரே உள் நெட்வொர்க்கில்.

என்ஜின்எக்ஸில் ‘தோப்பு’ என்று ஒரு அப்ஸ்ட்ரீம் (பின்னால் இருக்கும் சர்வர்களின் பட்டியல்), அதில் இரண்டு சர்வர் வரி. இரண்டு தளத்துக்கும் ப்ராக்ஸி_பாஸ் (எங்கே அனுப்பு என்கிற வரி) அந்தத் தோப்புக்கே. வேறு எதுவும் போடவில்லை. இப்போ இருக்கிற சிக்கல்:

எந்தத் தளத்தைத் திறந்தாலும் மாம்பழக் கடைதான் வருது. அதைச் சரிபண்ண ஹோஸ்ட் ஹெடரை (எந்தத் தளம் வேணும்னு சொல்ற வரி) கையால் எழுதிப் பார்த்தால் கடை ரீடைரக்டிலேயே சுத்துது. லாகின் பண்ணினவங்க ரெண்டு கிளிக்குக்கு ஒருதரம் வெளியே வந்துடறாங்க, கூடையும் காலி. அப்பாச்சி லாகில் எல்லா வரியும் 10.10.0.5 தான். தொல்லை பண்ற ஐபியைத் தடுக்கிற ஃபெயில்2பேன் அந்த 10.10.0.5-ஐயே தடை பண்ணி வெச்சிருக்கு. கடைசியா, மண்டித் தளத்தில் மாத அறிக்கை பட்டனை அழுத்தினால் சில விநாடி ரெண்டு தளமும் எல்லாருக்கும் 502 (பின்னால் சர்வர்கிட்ட இருந்து சரியான பதில் இல்லைங்கிற பிழை).

எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

---

பரிசல்துறை:

லோடு பேலன்சிங் வரிகளில் தப்பு இல்லை. அந்த வேலை நாலு வரிதான். இரண்டு சர்வருக்கும் தாங்கள் ஒரு ப்ராக்ஸிக்குப் பின்னால் இருப்பது தெரியவில்லை, அதில் கிளம்பியவைதான் மேலே இருப்பதில் முக்கால்வாசி.

(டைரெக்டிவ் பெயர்களைத் தமிழ் எழுத்தில் எழுதுகிறேன். கோப்பில் அதே பெயரை ஆங்கிலச் சின்ன எழுத்தில், அடிக்கோட்டோடு போடுங்கள்.)

முதல் கோளாறு. ப்ராக்ஸி_செட்_ஹெடர் எதுவும் இல்லாவிட்டால் என்ஜின்எக்ஸ் பின்னால் அனுப்பும் ஹோஸ்ட் ஹெடர் $ப்ராக்ஸி_ஹோஸ்ட், அதாவது ப்ராக்ஸி_பாஸில் இருக்கும் பெயர். உங்கள் அப்பாச்சிக்கு ‘தோப்பு’ என்ற தளத்தைக் கேட்டு வந்த மாதிரி இருக்கும். அந்தப் பெயரில் விர்ச்சுவல் ஹோஸ்ட் (ஒரு தளத்துக்கான அமைப்பு) இல்லை என்பதால், அகர வரிசையில் முதலில் ஏறிய கோப்பின் தளத்தைத் தூக்கிக் கொடுக்கும். அது கடை. தளத்தின் பெயரைக் கையால் எழுத வேண்டாம். ஹோஸ்ட் என்பதற்கு $ஹோஸ்ட் போடுங்கள், இரண்டு தளத்துக்கும் அதுவே போதும்.

கூடவே இன்னும் இரண்டு வரி. எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோ என்பதற்கு $ஸ்கீம். எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் என்பதற்கு $ரிமோட்_ஆடர். இணையத்தில் கிடைக்கும் மாதிரிகளில் இந்த இரண்டாவதுக்கு $ப்ராக்ஸி_ஆட்_எக்ஸ்_ஃபார்வர்டட்_ஃபார் இருக்கும். அது வருகிறவர் அனுப்பிய ஹெடரை அப்படியே வைத்துக்கொண்டு வால் மட்டும் சேர்க்கும். உங்களுக்கு முன்னால் சிடிஎன் மாதிரி வேறு இடைச் சர்வர் கிடையாது, வாசலே நீங்கள்தான். அதனால் வந்ததை அழித்து எழுதுவதே சரி, இல்லையென்றால் யாரும் பொய் ஐபி எழுதி அனுப்பலாம்.

ஒன்று கவனம்: ஒரு லொகேஷன் பிளாக்குக்குள் ஒரே ஒரு ப்ராக்ஸி_செட்_ஹெடர் எழுதினாலும் மேலே சர்வர் பிளாக்கில் எழுதியவை எதுவும் கீழே இறங்காது. மூன்று வரியையும் ஒரு தனிக் கோப்பில் வைத்து, தேவைப்படும் இடமெல்லாம் இன்க்ளூட் பண்ணுங்கள்.

ரீடைரக்ட் சுழல்: எஸ்எஸ்எல் ப்ராக்ஸியில் முடிகிறது, அப்பாச்சிக்கு வருவது வெறும் எச்டிடிபி. வேர்ட்பிரஸ் அதைப் பார்த்து ‘எச்டிடிபிஎஸ்ஸில் வா’ என்று திருப்பி அனுப்பும். அவர் ஏற்கெனவே அதில்தான் வந்திருக்கிறார். மறுபடி அதே பதில். டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில், எக்ஸ்-ஃபார்வர்டட்-ப்ரோட்டோவின் மதிப்பு எச்டிடிபிஎஸ் ஆக இருந்தால் $_சர்வரின் எச்டிடிபிஎஸ் மதிப்பை ‘ஆன்’ ஆக்கும் நிபந்தனை ஒன்று வேண்டும். டபிள்யூபி-செட்டிங்ஸைக் கூப்பிடும் வரிக்கு மேலே இருக்க வேண்டும், கீழே போட்டால் பலன் இல்லை. லாராவெலில் ட்ரஸ்ட்-ப்ராக்ஸீஸ் பட்டியலில் 10.10.0.5-ஐச் சேருங்கள். நட்சத்திரக் குறி போட்டு எல்லாரையும் நம்பச் சொல்ல வேண்டாம்.

லாகில் ஐபி: அப்பாச்சியில் ரிமோட்ஐபி மாட்யூலை இயக்கி, ரிமோட்ஐபிஹெடர் என்பதற்கு எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார், ரிமோட்ஐபிஇன்டர்னல்ப்ராக்ஸி என்பதற்கு 10.10.0.5. இவ்வளவு செய்தும் லாகில் பழைய ஐபியே வந்தால் இங்கே நின்றுவிடாதீர்கள். லாக்ஃபார்மட் வரியில் %எச் இருந்தால் அதை %ஏ ஆக மாற்றுங்கள்.

ஃபெயில்2பேன்: இப்போதைக்கு இக்னோர்ஐபியில் 10.10.0.5. ஆனால் லாகில் உண்மையான ஐபி வர ஆரம்பித்த பிறகு அது வெப் சர்வரில் இருந்து பயனே இல்லை. அங்கே வரும் பாக்கெட் ஒவ்வொன்றும் ப்ராக்ஸியுடையது. வெளியாளின் ஐபியை அங்கே ஃபயர்வாலில் தடுத்தால் தடுக்க ஆளே வராது. லாகின் தாக்குதலை ப்ராக்ஸியில் லிமிட்_ரெக் (கோரிக்கை வேகக் கட்டுப்பாடு) கொண்டு பிடியுங்கள், டபிள்யூபி-லாகின் பக்கத்துக்கு மட்டும். நிமிஷத்துக்கு 10, பர்ஸ்ட் 5 என்று தொடங்கலாம்.

கூடை காலியாவதற்கு, உடனே வேண்டுமானால் அப்ஸ்ட்ரீமில் ஐபி_ஹாஷ் ஒரு வரி. ஒரே ஆள் ஒரே சர்வருக்குப் போவார்.

502 பற்றி எழுதுவதற்கு முன் என்ஜின்எக்ஸ் எர்ரர் லாகின் அந்த நேரத்து நாலு வரி வேண்டும்.

---

ஊத்தங்கரை_ரூட்:

பரிசல்துறை அண்ணா சொன்னதில் ஐபி_ஹாஷ் தவிர மத்ததெல்லாம் சரி. அது மட்டும் வேண்டாம்.

ஐபி_ஹாஷ் ஐபிவி4-இல் முதல் மூணு எண்ணை மட்டும்தான் பார்க்கும். நாலாவது எண் கணக்கிலேயே இல்லை. பார்சல் வாங்குறவங்க பெரும்பாலும் செல்போன்ல வர்றாங்க. மொபைல் கம்பெனி ஒரு பொது ஐபிக்குப் பின்னால் ஆயிரக்கணக்கான பேரை வெச்சிருக்கும். அந்த ஐபி வரிசை முழுக்க ஒரே சர்வர்ல போய் உட்காரும், இன்னொண்ணு ஈ ஓட்டும். ஐபிவி6-இல் முழு முகவரியும் ஹாஷ் ஆகும், ஆனா போன் வைஃபைல இருந்து டேட்டாவுக்கு மாறினாலே முகவரி மாறிடும், கூடை மறுபடி போச்சு. நோயை விட்டுட்டு தைலம் தேய்க்கிற கதை.

நோய் எங்கேன்னா: வேர்ட்பிரஸ் பிஎச்பி செஷனே பயன்படுத்தறது இல்லை. லாகின் குக்கி என்பது கையெழுத்துப் போட்ட ஒரு சீட்டு. அந்தக் கையெழுத்துக்கான சாவி டபிள்யூபி-கான்ஃபிக்ல இருக்கிற எட்டு கீ, சால்ட் வரிகள். ரெண்டு சர்வர்லயும் தனித்தனியா இன்ஸ்டால் பண்ணியிருந்தா ரெண்டுலயும் வேற வேற சாவி. 11 போட்ட கையெழுத்தை 12 ஏத்துக்காது, வெளியே அனுப்பிடும். வூகாமர்ஸ் கூடை டேட்டாபேஸ்ல பத்திரமா இருக்கு, ஆனா ‘இந்தக் கூடை இவருடையது’ன்னு சொல்ற குக்கியும் அதே சால்ட்டை நம்பித்தான் இருக்கு. அதனாலதான் ரெண்டும் சேர்ந்து போகுது.

11-இல் இருக்கிற எட்டு வரியை அப்படியே 12-க்குக் காப்பி பண்ணுங்க. 12 கொடுத்த குக்கியோட இருக்கிறவங்க மட்டும் ஒருதடவை மறுபடி லாகின் பண்ணணும், அப்புறம் இல்லை.

லாராவெலுக்கும் இதே கதை. .என்வ் கோப்புல ஆப்_கீ ரெண்டுலயும் ஒண்ணா இருக்கணும். இல்லைன்னா ஒரு சர்வர் கொடுத்த குக்கியை இன்னொண்ணு பிரிக்க முடியாம 419 ‘பேஜ் எக்ஸ்பயர்டு’ வரும். செஷன் டிரைவர் ‘ஃபைல்’னு இருந்தா ‘டேட்டாபேஸ்’ ஆக்குங்க, அல்லது பொதுவா ஒரு ரெடிஸ் (நினைவகத்தில் தகவல் வெச்சுக்கிற சர்வர்).

ரெடிஸ்னு சொன்னதும் இன்னொண்ணு. வேர்ட்பிரஸ்ல ஆப்ஜெக்ட் கேஷ் ப்ளகின் போட்டு ஒவ்வொரு சர்வர்லயும் தனி ரெடிஸ் ஓடுதான்னு பாருங்க. ஓடினா, சால்ட்டை ஒண்ணாக்கின பிறகும் 11-இல் போட்ட அல்போன்சா 12-இல் தெரியாது, விலை மாத்தினா ஒரு சர்வர்ல பழைய விலையே நிக்கும். ரெடிஸ் ஒண்ணே ஒண்ணு, 10.10.0.20-இல், 6379 போர்ட் உள் நெட்வொர்க்குக்கு மட்டும், பாஸ்வேர்டோட.

---

காவேரிப்பட்டணம்காரன்:

சால்ட் வேற வேறதான் இருந்தது. ஒண்ணாக்கினதும் லாகினும் கூடையும் கலையாம நிக்குது. ஹோஸ்ட், ரீடைரக்ட், லாக் மூணும் சரி. %ஏ விஷயம் தெரியாம அரை மணி நேரம் சுத்தியிருப்பேன்.

எர்ரர் லாகில் அந்த நேரத்து வரிகள்: முதலில் ‘அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட் (110: கனெக்‌ஷன் டைம்டு அவுட்)’ 11-க்கு. ஐந்தாறு விநாடி கழித்து அதே வரி 12-க்கு. அதுக்கப்புறம் ‘நோ லைவ் அப்ஸ்ட்ரீம்ஸ்’ நூத்துக்கணக்கில். அறிக்கை வர ஒண்ணரை நிமிஷம் ஆகும், வரலைன்னு ஆபீஸ்ல திரும்ப அழுத்துவாங்க.

---

பரிசல்துறை:

சால்ட் விஷயத்தில் ஊத்தங்கரை சொன்னதே சரி, ஐபி_ஹாஷ் வரியை எடுத்துவிடுங்கள்.

‘திரும்ப அழுத்துவாங்க’ என்பதில்தான் விடை இருக்கிறது. நேரத்தை வரிசையாகப் பாருங்கள்.

0-ஆம் விநாடியில் முதல் அழுத்தல், 11-க்குப் போகிறது. 5-ஆம் விநாடியில் இரண்டாவது அழுத்தல், 12-க்குப் போகிறது. ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் நீங்கள் எழுதாவிட்டால் 60 விநாடி. 60-இல் முதல் கோரிக்கை காலாவதி. மேக்ஸ்_ஃபெயில்ஸ் எழுதாவிட்டால் 1, ஃபெயில்_டைம்அவுட் 10 விநாடி. ஆகவே ஒரே ஒரு தோல்வியில் 11 ‘செத்தது’ என்று குறிக்கப்பட்டு 70 வரை ஒதுக்கப்படுகிறது. டைம்அவுட் ஆனால் அடுத்த சர்வரிடம் கேள் என்பது ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீமின் இயல்பு, அதனால் அதே கனமான அறிக்கை 12-இலும் இன்னொரு முறை தொடங்குகிறது. 65-இல் இரண்டாவது கோரிக்கையும் காலாவதி, 12-ம் ஒதுக்கப்பட்டது. 65 முதல் 70 வரை தோப்பில் ஒரு மரமும் இல்லை. அந்த ஐந்து விநாடியில் மாம்பழம் வாங்க வந்தவருக்கும் 502. இரண்டு அப்பாச்சியும் அப்போது நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கின்றன.

இதற்கிடையில் பிஎச்பி நிற்பதில்லை. ப்ராக்ஸி கையை விட்டாலும் கேள்வி டேட்டாபேஸில் ஓடிக்கொண்டே இருக்கும். லினக்ஸில் மேக்ஸ்_எக்ஸிக்யூஷன்_டைம் கணக்கில் டேட்டாபேஸுக்குக் காத்திருக்கும் நேரம் சேராது, அதுவும் காப்பாற்றாது. இரண்டு அழுத்தலுக்கு மூன்று அறிக்கை ஓடுகிறது.

மாற்ற வேண்டியவை. தளத்துக்கு ஒரு அப்ஸ்ட்ரீம் தனித்தனியாக எழுதுங்கள், உள்ளே அதே இரண்டு ஐபி இருந்தாலும். தோல்விக் கணக்கு அப்ஸ்ட்ரீம் வாரியாகத்தான் வைக்கப்படுகிறது, மண்டித் தளத்தின் கோளாறு கடையைத் தொடாது. ஒவ்வொரு சர்வர் வரியிலும் மேக்ஸ்_ஃபெயில்ஸ்=3 ஃபெயில்_டைம்அவுட்=10எஸ். அறிக்கைப் பாதைக்குத் தனி லொகேஷன்: ப்ராக்ஸி_ரீட்_டைம்அவுட் 300எஸ், ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீம் ஆஃப். 300-ஐ எல்லாப் பாதைக்கும் போடாதீர்கள். டேட்டாபேஸ் திணறும் நாளில் ஒவ்வொரு கோரிக்கையும் ஐந்து நிமிஷம் அப்பாச்சியைப் பிடித்துக்கொண்டு உட்காரும். நிரந்தரமாக, அறிக்கையை லாராவெல் க்யூவில் போட்டு, முடிந்ததும் கோப்பு இறக்க இணைப்பு கொடுப்பது. அழுத்தியதும் பட்டனை முடக்கிவிடவும் சொல்லுங்கள்.

ப்ராக்ஸி_கனெக்ட்_டைம்அவுட்டும் இயல்பில் 60தான், அதை 3எஸ் ஆக்குங்கள். ஒரே உள் நெட்வொர்க்கில் மூன்று விநாடியில் இணைப்பு கிடைக்கவில்லை என்றால் அந்தப் பக்கம் ஆள் இல்லை.

ப்ராக்ஸி_நெக்ஸ்ட்_அப்ஸ்ட்ரீமில் நான்_ஐடெம்பொட்டன்ட் என்று ஒரு சொல் சேர்க்கச் சொல்லி எங்காவது படித்தால் சேர்க்காதீர்கள். அது இல்லாதவரை, சர்வருக்கு அனுப்பிவிட்ட போஸ்ட் கோரிக்கையை என்ஜின்எக்ஸ் இன்னொரு சர்வருக்கு மறுபடி அனுப்பாது. சேர்த்தால் ஒரு பெட்டி செந்தூரா கேட்டவருக்கு இரண்டு ஆர்டர் விழும்.

---

காவேரிப்பட்டணம்காரன்:

நன்றிங்க, அறிக்கை ஓடும்போது கடை அசையல. இன்னும் மூணு. பழத்தோட படம் ஏத்தினா பாதி நேரம் 404. பெரிய படம்னா ஏறவே மாட்டேங்குது, 413. அப்புறம், மூணாவது சர்வர் வேணும்னா ஆபீஸ்லயே ஒரு நல்ல மெஷின் சும்மா இருக்கு, ஃபைபரும் இருக்கு. வாடகை மிச்சம். அதைச் சேர்க்கலாமா?

---

ஓசூர்_ரேக்:

ஆபீஸ் மெஷின் கேள்விக்கு மட்டும் நான்.

முதல்ல ரவுட்டரில் வான் (வெளிப்பக்க) ஐபியைப் பாருங்க. 100.64-லிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பிச்சா சிஜிநாட் (கம்பெனி ஒரு பொது ஐபியைப் பலருக்குப் பகிர்றது), வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. போர்ட் ஃபார்வர்டு எத்தனை போட்டாலும் வேலைக்காகாது. அதைத் தாண்ட வயர்கார்டு விபிஎன் போதும்: ஆபீஸ் மெஷின் ப்ராக்ஸியைக் கூப்பிடணும், பெர்சிஸ்டென்ட்கீப்அலைவ் 25.

ஆனா அதுக்கப்புறமும் வேண்டாம்னுதான் சொல்வேன். டேட்டாபேஸ் பெங்களூருல இருக்கு. கிருஷ்ணகிரி-பெங்களூரு 90 கிலோமீட்டர் சொச்சம், கண்ணாடி இழையில் வெளிச்சம் மில்லிசெகண்டுக்கு 200 கிலோமீட்டர் போகும், போய்வர ஒரு மில்லிசெகண்டு கூட ஆகாது. அது காகிதக் கணக்கு. ஃபைபர் கம்பெனியின் வழி நேரா ஓசூர் வழியாப் போகணும்னு சட்டம் இல்லை, சென்னை போய்ச் சுத்தி வரலாம். வழியையும் நேரத்தையும் காட்டுற எம்டிஆர் ஓட்டிப் பாருங்க. போய்வர 10 மில்லிசெகண்டுன்னு வெச்சுக்குங்க. வூகாமர்ஸ் பக்கம் ஒண்ணு 80 க்வெரி கேட்டா, ஒண்ணு முடிஞ்சுதான் அடுத்தது, 800 மில்லிசெகண்டு வழியிலேயே போயிடும். அந்த சர்வருக்கு மாட்டினவருக்கு மட்டும் கடை மெதுவா இருக்கும், எதனாலன்னும் பிடிபடாது. ரவுண்ட் ராபின் (முறை வெச்சு வரிசையா அனுப்பறது) வேகத்தைப் பார்க்காது, மூணில் ஒண்ணு அங்கேதான் போகும். கரண்ட் போனா யுபிஎஸ், யுபிஎஸ் போனா ஃபெயில்_டைம்அவுட், இதெல்லாம் தனி. அந்த மெஷினை பேக்கப் எடுக்க வெச்சுக்குங்க, நல்ல உபயோகம்.

உங்களுக்கு இப்போ பெரிய ஓட்டை வேற இடத்துல. வெப் சர்வர் ரெண்டு, ப்ராக்ஸி ஒண்ணு. அது விழுந்தா எல்லாம் விழும். சொந்த ரேக்கா இருந்தா கீப்அலைவ்டி போட்டு ஒரு மிதக்கும் ஐபியை ரெண்டு ப்ராக்ஸிக்கு நடுவுல வைக்கலாம். வாடகைக் கிளவுடுல கீப்அலைவ்டி பேசிக்கிற விஆர்ஆர்பி மல்டிகாஸ்ட் பெரும்பாலும் போகாது. யூனிகாஸ்ட்_பியர் எழுதினாலும், ஐபியை மாத்தறது அவங்க ஏபிஐ வழியாத்தான் நடக்கணும். கீப்அலைவ்டியின் நோட்டிஃபை ஸ்கிரிப்டுல அந்த ஏபிஐயைக் கூப்பிடணும். சீசனுக்குள்ள இது முடியலைன்னா குறைஞ்சபட்சம் ப்ராக்ஸியோட ஒரு இமேஜ் எடுத்து வெச்சு, அதிலிருந்து புதுசா எழுப்ப எத்தனை நிமிஷம் ஆகுதுன்னு ஒருதரம் செஞ்சு பாருங்க. லெட்ஸ் என்க்ரிப்ட் சான்றிதழ் 90 நாள்தான், பழைய இமேஜுக்குள் காலாவதி ஆனது இருக்கும்.

ஹெல்த் செக் பத்தி: இலவச என்ஜின்எக்ஸ் யாராவது ஒரு வாடிக்கையாளர் போய் முட்டின பிறகுதான் சர்வர் செத்ததைக் கண்டுபிடிக்கும். எச்ஏப்ராக்ஸிங்கிற இன்னொரு லோடு பேலன்சர் தானாகவே தட்டிப் பார்க்கும். செக்னு எழுதினாலே இயல்பில் 2 விநாடிக்கு ஒருதரம், மூணு தடவை தப்பினா வெளியே, ரெண்டு தடவை சரியானா உள்ளே. உங்க அளவுக்கு மாத்தித்தான் ஆகணும்னு இல்லை. மாத்தினா, தட்டிப் பார்க்கிற பக்கத்துல டேட்டாபேஸைத் தொடாதீங்க. டேட்டாபேஸ் ஆறு விநாடி திணறினா ரெண்டு சர்வரையும் சேர்த்து வெளியே தள்ளிடும்.

---

ஊத்தங்கரை_ரூட்:

படம் 404: ஏத்தின படம் 11-இன் டிஸ்க்ல மட்டும் இருக்கு, கேட்கிறது 12-கிட்ட. ரெண்டு சர்வரும் பகிர்ற என்எஃப்எஸ் டிஸ்க் ஒரு வழி. ஆனா ரெண்டு சர்வருக்கு அதைவிட லேசா ஒண்ணு இருக்கு. ‘தோப்பு1’னு 11 மட்டும் இருக்கிற அப்ஸ்ட்ரீம் எழுதி, டபிள்யூபி-அட்மின் பாதையையும் டபிள்யூபி-கன்டென்ட் கீழே அப்லோட்ஸ் பாதையையும் அதுக்கே அனுப்புங்க. அப்லோட்ஸுக்கு ப்ராக்ஸி_கேஷ் போட்டா 11-க்குச் சுமையும் ஏறாது. ப்ளகின் அப்டேட்டும் 11-இல்தான் நடக்கும், முடிஞ்சதும் ஆர்சிங்க் பண்ணி 12-க்கு அனுப்பணும். மறந்தா ரெண்டுலயும் ரெண்டு வெர்ஷன் ஓடும். டேட்டாபேஸ் அமைப்பை மாத்துற அப்டேட்டுன்னா 12 உடையும், அதனால அப்டேட் நேரத்துல 12-க்கு ‘டவுன்’ போட்டு ரீலோடு பண்ணிட்டு ஆரம்பிங்க.

ப்ராக்ஸி_பாஸ் வரியில் அப்ஸ்ட்ரீம் பேருக்குப் பின்னால் சாய்கோடு வெக்காதீங்க. வெச்சா லொகேஷன்ல பொருந்தின பகுதியை வெட்டிட்டு மீதியைத்தான் அனுப்பும். டபிள்யூபி-அட்மின் கேட்டவருக்கு முகப்புப் பக்கம் வரும்.

413: என்ஜின்எக்ஸ்ல கிளையன்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் இயல்பு 1 எம்பி. 16எம் ஆக்குங்க. அதோட நிக்காது, பிஎச்பியில் அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 2 எம்பி, போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பின்னு இருக்கும். மூணையும் சேர்த்து ஏத்தணும்.

நீங்க கேட்காதது ஒண்ணு, ஆனா கூட்டம் வர்ற சாயங்காலம் இதுதான் கழுத்தைப் பிடிக்கும். அப்பாச்சி ப்ரீஃபோர்க்ல மேக்ஸ்ரெக்வெஸ்ட்வொர்க்கர்ஸ் (ஒரே நேரத்துல ஓடலாம்ங்கிற ப்ராசஸ் எண்ணிக்கை) உபுண்டுல இயல்பா 150. வூகாமர்ஸ் ப்ராசஸ் ஒண்ணு எவ்வளவு ரேம் எடுக்குதுன்னு உங்க சர்வர்ல பிஎஸ் போட்டுப் பாருங்க. 75 எம்பின்னு வந்தா, 4 ஜிபியில் சிஸ்டத்துக்கு ஒரு ஜிபி போக மீதி 3000 எம்பி, வகுத்தா 40. 150-ன்னு விட்டா கூட்டம் வந்ததும் ரேம் போதாம டிஸ்க்ல இருக்கிற ஸ்வாப்புக்குப் போகும், அப்புறம் எந்த லோடு பேலன்சரும் தூக்கி நிறுத்தாது. 40 போட்டா 41-ஆவது ஆள் வரிசையில் ஒரு நொடி நிப்பார், அவ்வளவுதான். மரியாடிபியின் மேக்ஸ்_கனெக்‌ஷன்ஸ் இயல்பு 151. ரெண்டு சர்வர், தலா 40, மொத்தம் 80, க்யூவுக்கும் இடம் இருக்கு. நாளைக்கு நாலு சர்வர் ஆக்கினா 160, அன்னிக்கு ‘டூ மெனி கனெக்‌ஷன்ஸ்’ வரும், இப்பவே குறிச்சு வெச்சுக்குங்க.

அப்ஸ்ட்ரீம்ல லீஸ்ட்_கான் (இணைப்பு குறைவா இருக்கிற சர்வருக்கு அனுப்பு) போடுங்க. பக்கத்துக்குப் பக்கம் நேரம் வேறுபடுற கடைக்கு ரவுண்ட் ராபினைவிட அது நல்லது. கூடவே ஜோன் வரி, 64கே. இப்போ ப்ராக்ஸி ஒரு சிபியு, வொர்க்கர் ஒண்ணு, வித்தியாசம் தெரியாது. சிபியு ஏத்தினா ஜோன் இல்லாம ஒவ்வொரு வொர்க்கரும் தனித்தனிக் கணக்கு வெச்சுக்கும்: ஒருத்தர் 12 செத்ததுன்னு சொல்வார், இன்னொருத்தர் அதுக்கே ஆள் அனுப்பிட்டு இருப்பார்.

சோதனை. லாக்_ஃபார்மட்ல $அப்ஸ்ட்ரீம்_ஆடர், $அப்ஸ்ட்ரீம்_ஸ்டேட்டஸ், $அப்ஸ்ட்ரீம்_ரெஸ்பான்ஸ்_டைம், $ரெக்வெஸ்ட்_டைம் நாலையும் சேருங்க. $அப்ஸ்ட்ரீம்_ஆடர்ல காற்புள்ளி போட்டு ரெண்டு ஐபி வந்தா முதல்ல போனது தோத்து அடுத்ததுக்குத் தாவியிருக்குன்னு அர்த்தம். அப்பாச்சியை நிறுத்தி மட்டும் சோதிக்காதீங்க. அது ‘கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு’ உடனே கொடுக்கும், என்ஜின்எக்ஸ் கண் சிமிட்டறதுக்குள் தாவிடும், நமக்கும் எல்லாம் சரின்னு தோணும். 12-இல் ஐபிடேபிள்ஸ் வழியா 10.10.0.5-இலிருந்து வர்ற 80-ஆம் போர்ட்டை டிராப் பண்ணிப் பாருங்க, கேபிள் அறுந்த மாதிரி இருக்கும். பரிசல்துறை அண்ணா சொன்ன 3எஸ் இருக்கா இல்லையான்னு அப்பத்தான் தெரியும்.

அதே ஃபயர்வால்ல நிரந்தரமா: 11, 12 ரெண்டுலயும் 80-ஆம் போர்ட் 10.10.0.5-க்கு மட்டும். பொது ஐபியில் திறந்திருந்தா ப்ராக்ஸியைச் சுத்திக்கிட்டு நேரா வருவாங்க.

---

காவேரிப்பட்டணம்காரன்:

எல்லாம் போட்டாச்சு. டிராப் சோதனையில் மூணு விநாடி தயக்கம், அப்புறம் 11-க்குப் போயிடுது. படம் வருது. ஒண்ணு மட்டும் புரியல: லாகில் எண்ணிப் பார்த்தா பத்தில் ஏழு கோரிக்கை 11-க்கே போகுது. அட்மின்ல யாருமே இல்லாத நேரத்துலயும். லீஸ்ட்_கான் சரியாத்தான் இருக்கு.

---

பரிசல்துறை:

11-க்குப் போனவற்றின் பாதையைப் பிரித்துப் பாருங்கள். அட்மின்-அஜாக்ஸ் என்ற பிஎச்பி கோப்பு நிறைய இருக்கும். பெயரில்தான் அட்மின், கடையின் தேடல் பெட்டி, விருப்பப் பட்டியல், பல ப்ளகின்கள் எல்லாம் வாடிக்கையாளர் பக்கத்திலிருந்தே அதைக் கூப்பிடுகின்றன. கோப்பு டபிள்யூபி-அட்மின் பாதைக்குள் இருப்பதால் மொத்தமும் தோப்பு1-க்குப் போகிறது.

லொகேஷன், சமக்குறி, பிறகு அட்மின்-அஜாக்ஸின் முழுப்பாதை என்று ஒரு பிளாக் எழுதி, அதைப் பொதுத் தோப்புக்கு அனுப்புங்கள். சமக்குறி போட்ட முழுப் பொருத்தம் மற்ற எல்லா லொகேஷனையும் முந்தும், எந்த வரிசையில் எழுதினாலும் சரி. படம் ஏற்றுவது அசிங்க்-அப்லோட் என்ற வேறு கோப்பு வழியாக, அது 11-இலேயே இருக்கும். ப்ளகின் ஏதாவது அட்மின்-அஜாக்ஸ் வழியாகக் கோப்பு ஏற்றுகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

எழுதியதும் என்ஜின்எக்ஸ் -டி, பிறகு ரீலோடு. ரீஸ்டார்ட் வேண்டாம். ரீலோடில் பழைய வொர்க்கர் கையிலிருக்கும் கோரிக்கையை முடித்துவிட்டுத்தான் போகும்.

---

காவேரிப்பட்டணம்காரன்:

அட்மின்-அஜாக்ஸேதான், தீமின் தேடல் பெட்டி எழுத்துக்கு எழுத்து கூப்பிடுது. மாத்தினதும் 11-க்கும் 12-க்கும் கிட்டத்தட்ட பாதிப் பாதி. தேடலை மூணு எழுத்துக்கு அப்புறம் கூப்பிடுற மாதிரி தீம் செட்டிங்கில் மாத்திட்டேன். கீப்அலைவ்டி வேலையைத் தனி இழையில் கேட்கிறேன்.